அரேயைத்தான் அனுப்புகிறேன், ஆனாலும் பிஹெச்பி டைப் எரர் கொடுப்பது ஏன்?

ஷாப்பிங் கார்ட்டின் மொத்தத் தொகையைக் கணக்கிடும் ஃபங்ஷனுக்கு அரேயைத்தான் (மதிப்புகளின் பட்டியலைத்தான்) அனுப்புவதாகவும், எப்போதாவது மட்டும் 'ஸ்டிடிகிளாஸ் கிவன்' (stdClass given), அதாவது அரேக்குப் பதில் ஒரு ஆப்ஜெக்ட் வந்தது என்று டைப் எரர் வருவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அந்த 'எப்போதாவது' என்ற சொல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். இதே பிழையோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியவன் நான்.

முதலில் எரர் மெசேஜை முழுசாகப் படியுங்கள். 'கிவன்' என்பதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் துப்பு. அங்கே 'நல்' (null, வெற்று மதிப்பு) இருந்தால் மதிப்பே வந்து சேரவில்லை: ஃபார்மில் ஒரு செக்பாக்ஸைக்கூட டிக் செய்யாமல் அனுப்பியிருப்பார்கள். 'ஸ்ட்ரிங்' இருந்தால் இன்புட்டின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி போட மறந்திருக்கலாம். அப்புறம், 'கால்டு இன்' என்று ஒரு ஃபைலும் வரி எண்ணும் இருக்கும். தேட வேண்டியது அங்கேதான். பிழையே இல்லாத ஃபங்ஷனுக்குள் போய் நான் அரை நாள் துழாவினேன்.

சரி, ஸ்டிடிகிளாஸ் எங்கிருந்து வருகிறது? ஜேசன் டீகோடிலிருந்து, அதாவது ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவில் சேமித்ததைத் திரும்ப மதிப்பாக மாற்றும் ஃபங்ஷனிலிருந்து. என் கதையில், கார்ட்டை ஜேசனாக டேட்டாபேஸில் வைத்திருந்தோம். பொருளை நீக்க அரே ஃபில்டர் என்ற ஃபங்ஷன். அது மிச்சமுள்ளவற்றின் கீகளை (இட எண்களை) அப்படியே விட்டுவிடும். மூன்று பொருளில் நடுவில் உள்ளதை எடுத்தால் கீகள் 0, 2. வரிசையில் ஓட்டை விழுந்ததும், சேமிக்க ஜேசனாக மாற்றித் தரும் ஜேசன் என்கோட் சதுர அடைப்புக்குப் பதிலாக நெளி அடைப்பில் ஆப்ஜெக்ட்டாக எழுதிவிடும். திரும்பப் படிக்கும்போது ஸ்டிடிகிளாஸ்தான் கிடைக்கும். கடைசிப் பொருளை நீக்கினால் மட்டும் ஓட்டை விழாது. நாங்கள் டெஸ்ட் செய்தபோதெல்லாம் நீக்கியது கடைசிப் பொருளைத்தான்!

உங்களுக்கும் இதுதானா என்று பார்க்க, ஃபங்ஷனைக் கூப்பிடுவதற்கு முந்தைய வரியில் மதிப்பையும் அதன் வகையையும் அச்சிட்டுக் காட்டும் வார் டம்ப் ஒன்றைப் போடுங்கள். டேட்டாபேஸில் அந்த ஜேசனையும் கண்ணால் பாருங்கள்.

மதிப்புக்கு முன்னால் (array) என்று எழுதிக் காஸ்ட் செய்தால், அதாவது வகையை மாற்றினால் போதும் என்பார்கள். எரர் போய்விடும்தான். ஆனால் காஸ்ட் மேல் அடுக்கை மட்டுமே மாற்றும், உள்ளே ஒவ்வொரு பொருளும் ஸ்டிடிகிளாஸாகவே இருக்கும். அந்தப் பொருளை அரேயாகப் படிக்கும் வரி இருந்தால் அங்கே வேறு எரர் முளைக்கும். வகைகளைக் கறாராகச் சரிபார்க்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் வரியை எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அது இன்ட், ஸ்ட்ரிங் போன்றவற்றுக்குத்தான். அரே விஷயத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பழைய கோடை பிஹெச்பி 8-க்கு மாற்றியிருந்தால் எண்ணிக்கை தரும் கவுண்ட் ஃபங்ஷனையும் ஒரு பார்வை பாருங்கள். அதற்கு 'நல்' கொடுத்தால் 7.1 வரை சத்தமில்லாமல் 0 தந்தது, 7.2-இல் வார்னிங், 8-இல் டைப் எரர்.

உங்கள் கோடில் முக்கியமாக மாற்ற வேண்டியது இரண்டு இடம். ஜேசன் டீகோடுக்கு இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக 'ட்ரூ' கொடுங்கள். அதன்பின் உள்ளே ஒவ்வொரு பொருளும் அரேயாகவே வரும், அதனால் பொருளை அம்புக்குறி (->) போட்டுப் படிக்கும் இடங்களைச் சதுர அடைப்புக்கு மாற்றிவிடுங்கள். சேமிப்பதற்கு முன் அரே வேல்யூஸ் போட்டுக் கீகளை வரிசைப்படுத்துங்கள். டீகோடை முதலில் மாற்றுங்கள், ஏனென்றால் நெளி அடைப்போடு ஏற்கெனவே சேமித்த பழைய கார்ட்டுகள் உள்ளே கிடக்கும்.