வளவில் ஒரு பெட்டி இடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆச்சிக்கு,

செட்டிநாட்டில், கோட்டையூர்ப் பக்கம் ஓர் ஊரில் மாமனார் வீட்டில் இருக்கிறேன். பெரிய வீடுதான். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆனால் எங்கள் பங்குக்கு உள்ளது வளவை, அதாவது நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும், ஒட்டிய ஓர் இரட்டை அறை மட்டும். மற்ற அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள், போவார்கள்.

மகள் ஆறாவது, மகன் இரண்டாவது. இருவருக்கும் படிக்க என்று ஓர் இடம் கிடையாது. மகள் கட்டிலில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்து எழுதுகிறாள். மகன் ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்துக்கொள்கிறான். போன மாதம் மகளுக்குக் கண்ணாடி போட்டோம், கிட்டப்பார்வையாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், உள் அறையைக் காலி செய்து ஏசி போட்டு, மேசை நாற்காலி செய்து, சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டி 'ஸ்டடி ரூம்' ஆக்கிவிடு என்கிறார். மாமியாரோ, "அந்த இருட்டுக்குள்ள பிள்ளைகளை அடைக்காதே, வளவுல உக்காந்து படிக்கட்டும்" என்கிறார். வளவில்தான் டிவி ஓடுகிறது. எனக்கு இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(என் பெயரைப் போட வேண்டாம்.)

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. டிவியைப் பற்றி அவரிடமே பேசியாக வேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் வீடுகளின் உள் அறை எதற்காகக் கட்டப்பட்டது? சீர்ப் பாத்திரமும் வெள்ளியும் பட்டும் வைத்துப் பூட்ட. தடித்த சுவர், கனத்த கதவு, ஜன்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பொருளைப் பாதுகாக்க அது போதும். அதே அறைக்குள் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து, ஏசிக்காகக் கதவையும் சாத்திவிட்டால், மூச்சுக்காற்றில் வரும் கரியமில வாயு அறைக்குள்ளேயே சேரும். சாதாரண ஏசி உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் சோர்ந்துபோனால் அது படிப்பின் மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். உங்கள் வீட்டுக் கூரை உயரம் பன்னிரண்டு, பதினான்கு அடி இருக்கும். மேலே கருத்துப்போன பர்மாத் தேக்கு. விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை அந்த மரமே விழுங்கிவிடும். அவ்வளவு உயரத்தில் ஒரு எல்இடி பல்பை மாட்டிவிட்டு, அறை வெளிச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். நடக்க அது போதும், எழுதப் போதாது. விளக்குக்கும் நோட்டுக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். மூன்றில் ஒன்றானால் ஒன்பது மடங்கு. பன்னிரண்டு அடிக்கு மேலே எரியும் அதே ஒன்பது வாட் பல்பை, ஒரு கவிழ்ப்புப் போட்டு நோட்டிலிருந்து நான்கு அடி உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். மின்கட்டணம் ஒரு பைசாவும் ஏறாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; படிக்கும் இடத்தில் 300 லக்ஸாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கைபேசியில் இதை அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. துல்லியம் இருக்காது, ஆனால் உள் அறைக்கும் வளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க அது போதும். வீட்டுக்காரருக்கு இரண்டு எண்ணையும் படம் பிடித்து அனுப்புங்கள். நான் இங்கே பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

வளவுக்கு விளக்கே வேண்டாம், சாயங்காலம் ஆறு மணி வரை. திறந்த முற்றத்தின் வழியாக வானத்து வெளிச்சம் இறங்கி நாலாபுறமும் பரவுகிறது. எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். பள்ளி விட்டு வந்து படிக்கும் நேரத்தில் மேற்கு வெயில் கிழக்குத் தாழ்வாரத்தில் அடிக்கும். அங்கே நோட்டை விரித்தால் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும். ஆகவே மாலையில் மேற்குத் தாழ்வாரம், காலையில் படிக்கும் பழக்கம் இருந்தால் கிழக்குத் தாழ்வாரம். வலக்கைக்காரப் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழும். ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கோட்டுக்கு உள்ளே இடம் பாருங்கள்.

மகளின் கண்ணாடியைப் பற்றி ஒன்று. மேசை விளக்கை மாற்றினால் கிட்டப்பார்வை நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில் உறுதியாகத் தெரியவந்திருப்பது, பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கவைக்கும் திட்டம் நடக்கிறது. வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு அதன்பின் இறங்கத் தொடங்கியது. இதனால் பயன் கூடுதலாக இருப்பது இன்னும் கண்ணாடி போடாத பிள்ளைக்குத்தான். அதாவது உங்கள் மகனுக்கு. அவன் தெருவில் ஓடுவதைப் படிப்புக்குக் கேடு என்று கணக்கு வைக்காதீர்கள்.

சரி, வளவில் உட்காரவைக்கிறோம். எதில்?

இங்கேதான் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். அவர் இருக்கும் அதே சிங்கப்பூரில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், வட்டித்தொழில் செய்த நம் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. இப்போது அந்தக் கட்டடங்கள் இல்லை. நீளமான கூடம், அதில் வரிசையாகப் பல முதலாளிகளின் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் ஓர் அலமாரி. அவ்வளவுதான் அலுவலகம். பெட்டியே மேசை, பெட்டியே கல்லா. ஊரிலிருந்து போன சின்னப் பையன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாள் பக்கத்தில் உட்கார்ந்து, பேரேடும் வட்டிக் கணக்கும் பழகி, அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு உதவியாளாக ஆவான். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் கூடத்தில்தான் எல்லாம் நடந்தது. தனி அறை யாருக்கும் இல்லை, ஆனால் அந்தப் பெட்டியை அடுத்தவர் தொட மாட்டார்.

அந்த ஏற்பாட்டில் கசப்பும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதில் கடல் கடந்து போன பையனுக்கு ஏக்கம் இல்லாமலா இருந்திருக்கும்? அதைக் கொண்டாட நான் இங்கே வரவில்லை. பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சாய்வான மூடி போட்ட கணக்குப்பிள்ளை மேசை உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கலாம். மேல்மாடி அறையைத் திறந்து பாருங்கள். பங்காளிகளின் பொதுச் சாமான் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு எடுங்கள், பின்னால் பேச்சு வராது. இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். ஆனால் அங்கே சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் விலையைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள். அதைவிட உள்ளூர் ஆசாரி ஒருவரிடம் அளவு கொடுத்துப் புதிதாகச் செய்வது மேல்.

அளவு இப்படி எடுங்கள். பிள்ளையைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரம்தான் பலகையின் முன்விளிம்பு. எதிர்விளிம்பு அதைவிட நாலைந்து விரற்கடை உயரமாக இருக்கட்டும். அந்தச் சாய்வு இருந்தால் பிள்ளை குனிந்து நோட்டின் மேல் கவிழாது, கண்ணுக்கும் தாளுக்கும் ஒரு ஸ்கேல் நீளம் இடைவெளி தானாக நிற்கும். முன்விளிம்பில் ஒரு சின்னச் சட்டம் அடித்தால் பென்சில் உருளாது. முழங்கால் உள்ளே போக இடம் விட வேண்டும் என்பதை ஆசாரியிடம் இரண்டு தடவை சொல்லுங்கள், மறந்துவிடுவார்கள். மகளுக்கு வேண்டிய உயரம் மகனுக்கு ஆகாது என்பதால் இரண்டு பெட்டி, இரண்டு அளவு. மகன் வளர்ந்தால் கீழே கட்டை வைத்து ஏற்றிக்கொள்ளலாம்.

மகளுக்குத் தரையில் உட்காரக் கால் வலிக்கிறது என்றால் நாற்காலியும் வேண்டும்தான். கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் பெரியவர்களுக்கான உயரம். பாதம் தரையில் படாமல் தொங்கினால் முக்காலியோ பலகையோ காலுக்குக் கீழே போடுங்கள். மகன் குப்புறப் படுப்பதைப் பொறுத்தவரை, கதைப்புத்தகம் என்றால் படுத்துப் படிக்கட்டும், விடுங்கள். எழுதும்போது மட்டும் எழுப்பி உட்காரவையுங்கள்.

பெட்டியில் எனக்குப் பிடித்த விஷயம் மூடிதான். பாதிக் கணக்கில் சாப்பிடக் கூப்பிட்டால், நோட்டை அப்படியே உள்ளே வைத்து மூடிவிட்டு வரலாம். திரும்பி வந்து திறந்தால் விட்ட இடம் விட்டபடி இருக்கும். சாப்பாட்டு மேசையில் படிக்கும் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது, ஒவ்வொரு வேளையும் எல்லாவற்றையும் வாரி அள்ள வேண்டும். படைப்புக்குப் பங்காளிகள் வந்து வளவு நிறைந்தால், இரண்டு பெட்டியையும் அறைக்குள் நகர்த்திவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளையின் பெட்டிக்குள் நீங்கள் கை வைக்கக் கூடாது. பில், சாவி, மாத்திரை அட்டை, எதுவும் அதில் போகக் கூடாது. ஒழுங்குபடுத்துகிறேன் என்று திறக்கவும் கூடாது. உள்ளே கூழாங்கல்லும் மிட்டாய்த் தாளும் இருந்தால் இருக்கட்டும். உங்கள் பக்கத்துக் கோட்டையூரிலேயே, பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகம், இதழ், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஒரு லட்சத்துக்கு மேல் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானார். 1994-இல் அந்தச் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகமே தொடங்கினார்கள். கல்யாணப் பத்திரிகையை யாராவது குப்பை என்று எரித்திருந்தால் அது இருந்திருக்காது.

சுவர் முழுக்கப் படம் ஒட்டுவதை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். 2014-இல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் மழலை வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வெறும் சுவர் உள்ள அறையில் பாடம் கேட்டபோது 55 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், படங்கள் நிறைந்த அறையில் கேட்டபோது 42 சதவீதம்தான் சொன்னார்கள். 24 பிள்ளைகளை வைத்து நடந்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒட்டுப்படக் கடைக்குப் போகும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு உங்கள் சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய முட்டைப்பூச்சாக இருந்தால், ஆணி அடித்தால் உரிந்து வரும், பசை ஒட்டினால் கறை போகாது. அதைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு.

ஒரே ஒரு படம் வைக்கலாம். ஆசிய வரைபடம். சுவரில் அடிக்காமல் ஒரு பலகையில் ஒட்டித் தூணோரம் சாய்த்து வையுங்கள். ரங்கூன், மோல்மீன், பினாங்கு, கொழும்பு என்று அப்பத்தா பேச்சில் வரும் ஊரெல்லாம் எங்கே என்று மகள் புள்ளி வைக்கட்டும். அப்பச்சி, அதாவது அவள் அப்பா, இருக்கும் ஊருக்கும் ஒரு புள்ளி. மகனுக்கு வாய்ப்பாடு வரவில்லையென்றால் தரையையே காட்டுங்கள்: நீளத்தில் எட்டுக் கல், அகலத்தில் ஏழு, ஆக எத்தனை? ஆத்தங்குடியில் அந்தக் கல்லைக் கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றிக் கையால்தான் செய்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பக்கத்து ஊர்தானே.

இனி டிவி. மின்விசிறிச் சத்தம் பிள்ளைகளை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. புரியும் மொழியில் பேச்சு காதில் விழுந்தால்தான் படிக்கும் வரி நழுவுகிறது. தொடர் நாடகமோ முழுக்க முழுக்கப் பேச்சு. மாமியாரிடம் நிறுத்தச் சொல்லாதீர்கள், நாள் முழுக்க அவருக்கு வேறு என்ன துணை? டிவியை உங்கள் வெளி அறைக்கு மாற்றிவிட்டு, பிள்ளைகள் வளவில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் அவரை அவர்கள் அருகில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். கீரை ஆய்ந்துகொண்டோ வெற்றிலை போட்டுக்கொண்டோ இருக்கட்டும். பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளை வளவில் உட்கார்த்தச் சொன்னவரே அவர்தானே, மறுக்க மாட்டார்.

பிள்ளைகள் சில நாள் இடம் மாறித் திண்ணைக்கோ மாடிக்கோ போனால் கோபிக்காதீர்கள். 1978-இல் நடந்த ஒரு சோதனையில், ஒரே அறையில் இரண்டு முறை படித்தவர்களைவிட, வேறு வேறு அறைகளில் படித்தவர்களுக்குக் கூடுதல் சொற்கள் நினைவில் நின்றன. எழுதும் வேலைக்குப் பெட்டி, மனப்பாடத்துக்கு வீடு முழுக்க.

வீட்டுக்காரர் அனுப்பும் பணத்துக்கு என்ன செலவு என்று கேட்டால்: ஆசாரிக்கு இரண்டு பெட்டி, தாழ்வாரத்தில் இரண்டு தொங்குவிளக்கு, கரண்ட் போனால் அதற்கும் விசிறிக்கும் ஓர் இன்வெர்ட்டர். ஏசியை அவர் ஆசைப்பட்டபடியே போடச் சொல்லுங்கள், படுக்கும் அறையில். சித்திரை வெயிலுக்கு அது வேண்டியதுதான்.

அன்புடன்,
ஆச்சி