வாசகர் கேள்வி பதில்: திட ஆக்சைடு எரிபொருள் கலம் எத்தனை வருடம் உழைக்கும்?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு, இயற்கை எரிவாயுவில் ஓடும் திட ஆக்சைடு எரிபொருள் கலம் வைக்கச் சொல்கிறார் ஒரு விற்பனையாளர். திறன் 55 சதவீதமாம். வாங்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: இது எரிபொருளைத் தீ வைத்து எரிக்காமல், ஆக்சிஜனோடு வினைபுரிய வைத்து நேராக மின்சாரம் எடுக்கும் பீங்கான் கருவி. கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டும்தான் என்றால் வேண்டாம். பெரும்பாலான வகைகள் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் மின்சாரமே தரும், அந்தச் சூட்டுக்கு வர மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் கரண்ட் திரும்பி வந்திருக்கும். அதோடு, அடிக்கடி அணைத்துப் போடுவது இதற்கு ஆகவே ஆகாது. குழாய் எரிவாயு வந்து, இரவு பகலாக ஓடப் போகிறது என்றால் யோசிக்கலாம். அப்போதும் திறனைவிட முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: கலம் தரும் மின்சாரம் 1000 மணி நேரத்துக்கு எவ்வளவு இறங்கும்? வருடத்துக்கு 8760 மணி நேரம். 1000 மணிக்கு 0.5 சதவீதம் இறங்கினால் ஐந்து வருடத்தில் சுமார் 22 சதவீதம் போய்விடும், 0.2 என்றால் 9 சதவீதத்துக்குள் நிற்கும். அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் இலக்கே அந்த 0.2தான். கலங்களின் அடுக்கை மாற்ற வேண்டி வந்தால் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அசையும் பாகம் ஒன்றுகூட இல்லையே, அப்புறம் எது தேய்கிறது? (பொறியியல் மாணவி, திருச்சி)

பதில்: அந்தச் சூட்டில் திடப்பொருளுக்குள் இருக்கும் அணுக்களும் இடம் மாறும், சிக்கலே அதுதான். நடுவில் மின்பகுளியாக இட்ரியம் சேர்த்த சிர்கோனியா பீங்கான், அதன் வழியாக ஆக்சிஜன் அயனிகள் எரிபொருள் பக்கம் போகின்றன. அங்கே நிக்கலும் சிர்கோனியாவும் கலந்த மின்முனை, காற்றுப் பக்கம் பெரும்பாலும் லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த ஆக்சைடு. ஒரு கலம் ஒரு வோல்ட்கூடத் தராது என்பதால் பலவற்றை அடுக்கி, இடையில் குரோமியம் கலந்த எஃகுத் தகடு வைக்கிறார்கள்.

வினை அந்தத் தகட்டிலிருந்தே தொடங்குகிறது. எஃகின் மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்சைடு அதைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது, ஆனால் சூடான ஈரக்காற்று பட்டால் அதே குரோமியம் ஆவியாகக் கிளம்பிப் போய், காற்றுப் பக்க மின்முனையில் ஆக்சிஜன் உள்ளே நுழையும் இடங்களிலேயே படிந்து அடைத்துவிடுகிறது. மாங்கனீஸ் கோபால்ட் ஆக்சைடு பூச்சு இதை வெகுவாகக் குறைக்கும். ஸ்ட்ரான்சியமும் சும்மா இருப்பதில்லை, சிர்கோனியாவோடு சேர்ந்து மின்சாரத்துக்கும் அயனிக்கும் வழிவிடாத ஒரு படலம் ஆகிறது, அதைத் தடுக்க இடையில் சீரியம் ஆக்சைடு அடுக்கு. எரிபொருள் பக்கம் நிக்கல் துகள்கள் மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, வினை நடக்கும் பரப்பு சுருங்குகிறது. எரிவாயுவில் வாசனைக்குச் சேர்க்கும் கந்தகச் சேர்மமும் நிக்கலுக்கு விஷம், முன்னாலேயே வடிகட்டியாக வேண்டும்.

இதெல்லாம் மெல்ல நடப்பவை. ஒரே நாளில் கெடுப்பது வேறு. கலம் சூடாக இருக்கும்போது எரிபொருள் நின்று காற்று உள்ளே புகுந்தால் நிக்கல் ஆக்சைடாக மாறும், அதன் கன அளவு சுமார் 70 சதவீதம் கூடும், மேலிருக்கும் மெல்லிய பீங்கான் விரிசல் விடும். விரிசல் விட்ட கலத்தை மீட்க வழியில்லை.

கேள்வி: நீண்ட காலம் ஓட்டிக் காட்டியவர்கள் யாராவது உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஒரு சிறிய அடுக்கை 2007இல் 700 டிகிரியில் ஓடவிட்டு 2019 வரை, 100,000 மணி நேரத்துக்கும் மேல் வைத்திருந்தார்கள். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது ஜப்பான்தான், ஏனென்றால் அங்கே எனெ-ஃபார்ம் என்ற பெயரில் 2011 முதலே இது சாதாரண வீடுகளில் ஓடுகிறது. ஆய்வகத்தில் கிடைக்கும் கவனிப்பு வீட்டுக் கொல்லையில் கிடைக்காது. இங்கிலாந்தின் சீரஸ் நிறுவனம் இன்னொரு வழியில் போகிறது: எஃகுத் தகட்டின் மேலேயே சீரியம் ஆக்சைடு மின்பகுளி, சூடு சுமார் 500 முதல் 600 டிகிரி. சூடு குறைந்தால் குரோமியமும் அடங்கும், நிக்கலும் அடங்கும், எனக்குப் பிடித்த பாதை இது.

கேள்வி: இந்தக் கலங்களைச் செய்து விற்கும் அமெரிக்க நிறுவனமான ப்ளூம் எனர்ஜியின் கே.ஆர்.ஸ்ரீதர் திருச்சியில் படித்தவர்தானே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஆமாம், இன்று என்ஐடி ஆகியிருக்கும் அந்தக் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நாசாவுக்காக, செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கருவியில் வேலை செய்தார். அதையே திருப்பிப் போட்டால் எரிபொருள் கலம், 2001இல் நிறுவனம் தொடங்கினார். பிற்பாடு வேறொரு குழு செய்த மாக்ஸி கருவி செவ்வாயிலேயே 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது, ஒவ்வொரு முறையும் குளிரிலிருந்து சுமார் 800 டிகிரிக்கு ஏறி இறங்கி.

கேள்வி: மேற்படிப்பில் இதை எடுத்தால் எந்தச் சிக்கலைத் தொடுவது? (மாணவர், கோவை)

பதில்: சோதனைக் காலத்தைத் தொடுங்கள். 40,000 மணி நேரம் உழைக்கும் என்று காட்ட நாலரை வருடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் பூச்சும் மாறிவிடும், வடிவமைப்பும் மாறிவிடும். சூட்டை ஏற்றி அவசரப்படுத்தினால் சரியான இடத்தில் கெடாமல் வேறு எங்கோ கெடும். சில நூறு மணி நேரத்தில், நிஜத்தில் கெடும் அதே விதத்தில் கெட வைக்கும் சோதனை முறையை யாராவது உருவாக்கித் தந்தால் ஒவ்வொரு புதுப் பூச்சும் சந்தைக்கு வர வருடங்கள் மிச்சமாகும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வையும் தேடிப் படியுங்கள், மின்சாரம் தரும் திசையிலும், மின்சாரம் வாங்கி நீராவியைப் பிரிக்கும் திசையிலும் ஒரே கலத்தை மாற்றி மாற்றி ஓட்டியபோது, தொடர்ந்து வாங்கும் திசையில் மட்டும் ஓட்டினால் வரும் கடுமையான சேதம் வரவில்லை.