வீட்டில் வளரும் தஞ்சாவூர் ஓவியம்

கேள்வி: வீட்டிலிருந்தே தஞ்சாவூர் ஓவியம் செய்யும் பெண்கள், ஓயாத வீட்டு வேலைகளுக்கு நடுவே அதற்கு எப்படி நேரம் ஒதுக்குகிறார்கள்? புதிய கருப்பொருள்களை எங்கே தேடுகிறார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: இக்கலையின் செய்முறையே அவர்களுக்குத் துணை நிற்கிறது. பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்துப் பூசுவது, கற்களைப் பதிப்பது, உருவங்களை மேடாக எழுப்பும் புடைப்பு வேலை செய்வது, தங்க ரேக்கை (மிக மெல்லிய தங்கத் தாளை) ஒட்டுவது, கடைசியில் வண்ணம் தீட்டுவது எனப் பணி பல கட்டங்களாகப் பிரிந்திருப்பதாலும், பூச்சும் புடைப்பும் நன்கு காய வேண்டியிருப்பதாலும், அந்த இடைவெளிகளில் உலை வைக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் முடிகிறது. ரேக்கு ஒட்டும்போது மட்டும் மின்விசிறியை நிறுத்த வேண்டும். வீடு அடங்கிய பிற்பகலே அதற்கு உகந்தது (கோடையில் அது ஒரு தவம்தான்).

கருப்பொருளைப் பொறுத்தவரை, வெண்ணெய்க் கண்ணனையே எல்லாரும் திரும்பத் திரும்பச் செய்வது எனக்குச் சலிப்பூட்டுகிறது. கோயில் தூண்களின் சிற்பங்களையும், தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்திலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உள்ள பழைய படங்களையும் நேரில் பார்த்துக் கோட்டோவியமாகக் குறித்துக்கொள்பவர்களின் பலகையில் புதுமை தெரிகிறது.

விற்பனைக்குச் செய்பவர்கள், ஒட்டியிருப்பது 22 காரட் தங்க ரேக்கா, போலி ரேக்கா என்பதை ரசீதிலேயே எழுதித் தருவது நல்லது.