லோவெல் நெசவாலைப் பெண்கள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகர நெசவாலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்து, இரவு பத்து மணிக்குள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டிய வாழ்க்கையை ‘விடுதலை’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அது அடிமைத்தனம் அல்லவா?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

நீங்கள் சொல்லும் கட்டுப்பாடுகள் அனைத்தும் உண்மையே. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதுகூட அவர்கள் விருப்பத்துக்கு விடப்படவில்லை. ஆனால் அப்பெண்கள் விட்டுவந்த பண்ணை வீட்டில் மகளின் உழைப்புக்குக் கூலி என்ற பேச்சே கிடையாது. மணமானவளின் சம்பாத்தியமோ அன்றைய சட்டப்படி கணவனுக்கு உரியது. சிறுமியாக லோவெல் ஆலையில் வேலை செய்த ஹாரியட் ஹான்சன் ராபின்சன், 1898இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், கணவன் கூலியைப் பறித்துக்கொள்வான் என்று அஞ்சி, வேறு பெயரில் மறைந்திருந்து ஆலையில் உழைத்த பெண்களைப் பற்றி எழுதுகிறார். பெயரை மாற்றியேனும் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பணம் முதன்முதலாக அவர்கள் கைக்கு வந்தது என்பதைத்தான் ‘விடுதலை’ என்ற சொல்லால் குறித்தேன்.

அவர்களின் ஒழுக்கத்தைக் கண்காணிக்க முதலாளிகள் அமைத்த விடுதிகளே அவர்களை ஒன்றுகூட்டின. 1834இல் கூலி குறைக்கப்பட்டபோதும், 1836இல் விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டபோதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாவது முறை, தன் பகுதியில் இருந்த மூத்தவர்கள் தயங்கி நிற்க, பதினொரு வயது ஹாரியட்தான் முதலில் வெளியே நடந்தாள். விடுதி நடத்தி வந்த அவளுடைய விதவைத் தாய், மகளை அடக்கவில்லை என்பதற்காக அந்த வேலையை இழந்தார். பத்து மணி நேர வேலை கேட்டு 1840களில் மனுமேல் மனு கொடுத்தும், மாசசூசெட்ஸில் அதற்கான சட்டம் 1874இல்தான் வந்தது.

‘அடிமைத்தனம்’ என்ற உங்கள் சொல்தான் என்னை உறுத்துகிறது. 1836இல் ஊர்வலம் போனவர்களும் அடிமையாக இருக்க மாட்டோம் என்றுதான் பாடினார்கள். அவர்கள் நூற்ற பஞ்சு அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. லோவெலில் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அதே அடிமைகள் உடுத்தத் திரும்பிச் சென்றது. அத்துணிக்கே லோவெல் என்ற பெயர் வழங்கியது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது என் பிழை, திருத்தி எழுதுகிறேன்.