வெறும் கோடுதான் வரைகிறேன்

வணக்கம் சார்,

உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் இதய ஆய்வு செய்யும் லேப் ஒன்றில் பத்து வாரப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். ஐந்து வாரம் போய்விட்டது. ஜீப்ரா மீன் கருவின் இதய வீடியோக்களைத் திறந்து, கீழறையைச் சுற்றிக் கோடு வரைவதுதான் வேலை. கூடச் சேர்ந்தவர்கள் ஜீன், மருந்து என்று பேசுகிறார்கள். என் விடுமுறை வீணா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வீணா இல்லையா என்பது இருக்கட்டும். அந்தக் கோடு அப்புறம் என்னவாகிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே, எனக்கு அதுதான் உறுத்தியது.

பொதுவாக அதிலிருந்து கீழறையின் நீளத்தையும் குறுக்களவையும் எடுப்பார்கள். அறையை முட்டை வடிவமாக வைத்துக்கொண்டு கன அளவைக் கணக்கிடும்போது நீளத்தை ஒரு முறையும் குறுக்களவை இரண்டு முறையும் பெருக்க வேண்டும். அதனால் குறுக்கே 10 சதவீதம் தாராளமாக வரைந்துவிட்டீர்கள் என்றால் கன அளவு 21 சதவீதம் ஏறிவிடும். விரிந்த அறைக்கும் சுருங்கிய அறைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம். பக்கத்து மேசைக்காரர் மருந்து வேலை செய்தது என்று மார்தட்டுவது இந்த எண்ணை நம்பித்தான்.

ஏற்கெனவே வரைந்த வீடியோக்களில் இருபதை எடுத்து, பெயர்களை வேறு யாரையாவது மறைக்கச் சொல்லி, மறுபடி வரைந்து பாருங்கள். இது மருந்து கொடுத்த மீன் என்று தெரிந்துவிட்டால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. தண்ணீர் சூடானால் மீனின் துடிப்பு கூடும், அசையாமல் இருக்கப் போடும் மயக்க மருந்து அதைக் குறைக்கலாம். படமெடுத்த அன்று இதையெல்லாம் யாராவது குறித்து வைத்தார்களா?

சில இடங்களில் விடுமுறை மாணவர்களைச் சம்பளமில்லாத கைகளாகத்தான் பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அலுப்பான வேலை கொடுத்ததை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்துவிட முடியாது.

1906 கோடையில் மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர், உடற்கூறியல் ஆய்வாளர் ஆர்தர் கீத்தின் கிராமத்து வீட்டில் அவரோடு சேர்ந்து இதயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் கீத் மனைவியோடு சைக்கிளில் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, மோல் என்ற சிறு விலங்கின் வலது மேலறையில், பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் விசித்திரமான ஒன்றைக் கண்டதாக ஃபிளாக் பரபரப்போடு காட்டினார். இதயத் துடிப்பு தொடங்கும் சைனஸ் கணு அதுதான், 1907இல் இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். இதைச் சொல்கிறவர்கள் சைக்கிளையும் பரபரப்பையும் சொல்லிவிட்டு, இதயத்தை மெல்லிய சீவல்களாக நறுக்கி ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்த அலுப்பை விட்டுவிடுவார்கள். உங்களுக்கும் கணு கிடைக்கும் என்று சொல்லவில்லை, பத்து வாரத்தில் பெரும்பாலும் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை.

நாளைக்கே உங்கள் வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: ஒரே வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை என்றால், மீதி ஐந்து வாரத்துக்கு உங்களுக்கென்று ஒரு வேலை கிடைத்துவிட்டது. அவர் எரிச்சல்பட்டால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.