கொட்டாவி விட்டால் காதோரம் ‘டக்’

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு வருடங்களுக்கு முன் இடப்பக்கம் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்துவிட்டார்கள். அப்புறம் வலப்பக்கமே மென்று சாப்பிடுகிறேன். இப்போது கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் ‘டக்’ என்கிறது. காலையில் தாடை வலிக்கிறது. பல் இல்லாததுதான் காரணமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், அம்மா. அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. உள்ளிருக்கும் சிறு வட்டு விலகி, மறுபடி தன் இடத்துக்கு வரும்போது அந்தச் சத்தம் கேட்கும். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. உங்களுக்கோ காலையில் வலி இருக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். பல் இழப்பு மட்டுமே மூட்டைக் கெடுப்பது அபூர்வம். என் அம்மா கடைவாய்ப் பல் இல்லாமலே 20 வருடம் இருந்தார், மூட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயலாம், எதிரே மேல்பல் கீழிறங்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதமான கடியும் மாறும்.

சில வாரங்களுக்கு முறுக்கு, சீடை, சூயிங்கம் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. வலி அடங்கியபின் பல் கட்டிக்கொள்ளலாம். அதற்குள் நல்ல பற்களைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டால் அன்றைக்கே பல் மருத்துவரைப் பாருங்கள்.