பல் மருத்துவச் சேர்க்கையில் நேர்காணலுக்கு எவ்வளவு எடை? கேள்வி பதில்

தமிழ்நாட்டில் பி.டி.எஸ். முடித்து, அமெரிக்காவில் மீண்டும் பல் மருத்துவம் பயின்று, அங்கே விண்ணப்பதாரர்களை நேர்காணும் குழுவிலும் இருந்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பியிருக்கும் ஒரு பெண் பல் மருத்துவர், குமரி மாவட்டத்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

குலசேகரத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி: அக்கா, நான் நீட் எழுதப் போகிறேன். பி.டி.எஸ். சேர்க்கையில் நேர்காணலுக்கு மதிப்பெண் உண்டா? தம் காலத்தில் உண்டு என்று தாத்தா சொல்கிறார்.

உங்கள் தாத்தா சொல்வது உண்மை. ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று இந்தியாவில் பி.டி.எஸ். இடம் நீட் தரவரிசையையும் இட ஒதுக்கீட்டையும் கொண்டே முடிவாகிறது. 720க்கு நீங்கள் பெறும் மதிப்பெண்ணோடு பேச்சுத்திறனுக்காக ஒரு மதிப்பெண்கூடச் சேராது. அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், தமிழ்நாட்டில் 2020 முதல் நடைமுறையில் இருக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். நேர்காணலைப் பற்றிக் கவலைப்படுவதைவிட அது பயன் தரும். முதுநிலைப் படிப்பான எம்.டி.எஸ். சேர்க்கையிலும் நேர்காணல் இல்லை, அதற்குரிய நீட் தரவரிசைதான்.

1970–71 கல்வியாண்டில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணல் மதிப்பெண் இருந்தது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. பிறகு 1980-இல், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு 50 மதிப்பெண்ணும் வைத்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டுமே பேசி அனுப்பியதைக் கண்ட நீதிமன்றம், மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று கூறியது. இரண்டு நிமிடப் பேச்சில் சிபாரிசும் சாதியும் நுழைய எவ்வளவு இடம் உண்டு என்பதை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு முறைகளைப் பற்றி இனி நான் சொல்லப்போவதைப் படிக்கும்போது இந்த வரலாறு நினைவில் இருக்கட்டும். நேர்காணல் நல்ல கருவியா என்பது அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாய்: டாக்டர், நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருவதற்காக நேர்காணலுக்கு வரச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். மகனை அழைத்துக்கொண்டு போகலாமா?

போக வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம். சுயநிதிக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடமாக இருந்தாலும், நிகர்நிலைப் பல்கலைக்கழக இடமாக இருந்தாலும், நீட் தகுதியும் அதிகாரப்பூர்வக் கலந்தாய்வும் இல்லாமல் சேர்க்கை செல்லாது. அப்படிச் சேர்ந்தவரின் படிப்பே பின்னர் சிக்கலுக்கு உள்ளாகும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பி.டி.எஸ். பட்டதாரி: அக்கா, அமெரிக்காவில் வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். ஐ.என்.பி.டி.இ. என்ற அமெரிக்கப் பல் மருத்துவத் தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். இனி நேர்காணல் வெறும் சடங்குதானா, அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறதா?

அழைப்பு வரும்வரை நேர்காணலுக்கு எடை எதுவும் இல்லை. அழைப்பு வந்த பிறகு பெரும்பாலான எடை அதற்குத்தான். இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் எப்படித் தயாராவது என்பதும் தெளிவாகும்.

உங்கள் விண்ணப்பத்தைக் குழுவின் இடத்திலிருந்து பாருங்கள். ஐ.என்.பி.டி.இ. இரண்டு நாள்களில் 500 கேள்விகள் கொண்ட கடினமான தேர்வுதான். ஆனால் அதன் முடிவு தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே வருகிறது. ஆகவே தேர்ச்சி பெற்ற ஆயிரம் பேரையும் அது ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. இந்தியப் பல்கலைக்கழக மதிப்பெண்களைத் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனம் அமெரிக்க முறைக்கு மாற்றிக் கொடுத்தாலும், தாராளமாக மதிப்பெண் போடும் பல்கலைக்கழகம் எது, கஞ்சத்தனமாகப் போடுவது எது என்பதை வெளிநாட்டவர் அறிவது கடினம். ஆங்கிலத் தேர்வான டோஃபல் ஒரு வாசல். உரிய அளவைத் தாண்டிவிட்டால் போதும். பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், மிகவும் பரிந்துரைக்கிறேன்’ என்ற மூன்று சொற்றொடர்களை எத்தனை கடிதங்களில் படித்தேன் என்று கணக்கில்லை. இவ்வாறு காகிதத்தில் எல்லாரும் ஒன்றுபோலத் தெரியும்போது, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுபவை நேர்காணலும், சில கல்லூரிகள் வைக்கும் பெஞ்ச் டெஸ்டும்தான். செயற்கைப் பல்லில் குழி வெட்டுவது, பல் உறை (கிரௌன்) பொருத்துவதற்காகப் பல்லைச் செதுக்குவது போன்றவற்றை அங்கே உங்கள் கையாலேயே செய்து காட்ட வேண்டும். கை தடுமாறினால் வாய்ச் சாமர்த்தியம் காப்பாற்றாது.

அந்த அறைக்குள் நாங்கள் தேடியது அறிவை அல்ல. அறிவு இருப்பதால்தான் அழைத்திருக்கிறோம். ஏற்கெனவே பல் மருத்துவராக இருப்பவர், தம்மைவிட வயதில் இளையவர்களோடு மறுபடியும் மாணவராக உட்காரச் சம்மதிப்பாரா? ஆசிரியர் ‘இதை மறுபடி செய்’ என்றால் முகம் சுளிப்பாரா? நோயாளியைப் பற்றிப் பேசும்போது பல்லைப் பற்றி மட்டும் பேசுகிறாரா, அந்த மனிதரைப் பற்றியும் பேசுகிறாரா? இவற்றுக்குத்தான் விடை தேடினோம். நேர்காண்பவர்கள் தனித்தனியாக மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பார்கள். பிறகு சேர்க்கைக் குழு முழுக் கோப்பையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும். சில கல்லூரிகளில் உங்கள் கோப்பைப் படித்துவிட்டே பேச வருவார்கள்; சிலவற்றில் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாமல் வருவார்கள். எனவே ‘அதுதான் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேனே’ என்று எதையும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘பல இலவச முகாம்களில் பங்கேற்றேன்’ என்பது எல்லாரும் சொல்வது. அதைக் கேட்டு யாரும் பேனாவை எடுப்பதில்லை. ‘குளச்சல் பக்கம் ஒரு முகாமில், நெடுங்காலமாகப் பாக்கு மெல்லும் ஒருவர் வாயைத் திறக்க முடியாமல் வந்தார். வாய் திறக்கும் அளவை அளந்து குறித்துக்கொண்டேன்; இது வாயின் உட்பகுதி இறுகிப்போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் ஆக இருக்கலாம், புற்றுநோயாகவும் மாறக்கூடும் என்பதை அவர் பயந்துவிடாமல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திணறினேன்; ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்கு அனுப்பினேன்; அவர் போனாரா என்று விசாரித்தேன்’ என்று சொல்பவரிடம் அடுத்த கேள்வி தானாகவே பிறக்கும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இட்டுக்கட்டிய கதை இரண்டாவது துணைக் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: மக்களே, என் பேத்தி இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள், அங்கேயே பல் மருத்துவம் சேர வேண்டும் என்கிறாள். எம்.எம்.ஐ. என்று ஏதோ சொல்கிறாள். அது என்ன முறை?

ஐயா, அது ஒரே மேசைக்கு முன்னால் ஒரே குழுவிடம் பேசும் நேர்காணல் அல்ல. வரிசையாகச் சில நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வேறொருவர் அமர்ந்திருப்பார். சில நிமிடங்களே கிடைக்கும். மணி அடித்ததும் அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். ஒன்றில் கோபமாக இருக்கும் நோயாளியாக ஒருவர் நடிப்பார். இன்னொன்றில் நெறி சார்ந்த ஒரு சிக்கலைக் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சேர்க்கைக்காக உருவான முறை இது. ஒருவருடைய விருப்பு வெறுப்பு முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். முதல் பதிலில் சொன்ன பழைய குறைக்கு இது ஒரு மருந்து. ஒரு நிலையத்தில் சொதப்பினாலும் அடுத்ததில் கணக்குப் புதிதாகத் தொடங்கும் என்பதைப் பேத்தியிடம் சொல்லி வையுங்கள். பல பிள்ளைகள் முதல் சறுக்கலையே நினைத்துக்கொண்டு மீதியையும் கோட்டை விடுகிறார்கள்.

அங்கே அக்டோபர் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பல் மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகளை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். பள்ளி மதிப்பெண்ணும் யூகேட் எனும் நுழைவுத் தேர்வும் அழைப்பைப் பெற்றுத் தரும். அழைத்த பிறகு சில கல்லூரிகள் நேர்காணல் மதிப்பெண்ணை மட்டும் வைத்தே தரவரிசை போடுகின்றன. கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும் என்பதால், தேர்ந்தெடுக்கும் நான்கின் சேர்க்கைக் கொள்கையையும் அவரவர் இணையதளத்தில் வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள்.

வடசேரியிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, எங்கள் வீட்டில் கோவில் நகை செய்கிறார்கள். சிறு வயதிலிருந்தே கல் பதிக்க உதவியிருக்கிறேன். நேர்காணலில் இதைச் சொன்னால் கேலியாக நினைப்பார்களோ?

நினைக்க மாட்டார்கள், இதைச் சொல்லாமல் விட்டால்தான் இழப்பு. கை நுட்பத்துக்கு என்ன சான்று என்பது பல் மருத்துவ நேர்காணல்களில் வழக்கமாக வரும் கேள்வி. பியானோ வாசிப்பேன், மாடல் விமானம் ஒட்டுவேன் என்ற பதில்களைக் கேட்டுச் சலித்தவர்கள் முன்னால் வடசேரி நகைப் பட்டறை அமர்ந்தால் நிமிர்ந்து கேட்பார்கள். ஆனால் பெருமையாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். கண்ணுக்கருகில் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்யும்போது கழுத்தையும் மணிக்கட்டையும் எப்படி வைத்துக்கொண்டீர்கள், ஒரு கல் உடைந்தால் அப்பா என்ன சொன்னார், அதன்பின் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு மாணவி: நான் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். அதனாலேயே தோற்றுவிடுவேனா, அக்கா?

மெதுவாகப் பேசுவது குறையன்று. நோயாளியிடம் மெதுவாகப் பேசுவதே நல்லது. உச்சரிப்புக்காக யாரையும் கழித்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மனப்பாடம் செய்த வேறொரு பதிலை ஒப்பித்தவர்களைக் கழித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பயிற்சி மையங்கள் எழுதிக் கொடுக்கும் ‘மாதிரிப் பதில்கள்’ மீது எனக்குக் கசப்பு உண்டு: ஒரே நாளில் இருவர் ஒரே பாட்டியின் பல்வலிக் கதையைச் சொல்லக் கேட்டால் உங்களுக்கும் அந்தக் கசப்பு வரும். கேள்வி புரியவில்லை என்றால் மீண்டும் கேளுங்கள். அதற்காக மதிப்பெண் குறையாது. தினமும் ஒரு செய்தியைப் படித்து, அதை ஆங்கிலத்தில் தோழி ஒருத்தியிடம் உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

கருங்கலிலிருந்து ஒரு பட்டதாரி: இரண்டாம் ஆண்டில் எனக்கு ஓர் அரியர் உண்டு. கேட்டால் என்ன சொல்வது?

கேட்பார்கள். காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், பேராசிரியரைக் குறை சொல்லாதீர்கள், அடுத்த முறை எப்படிப் படித்துத் தேறினீர்கள் என்பதற்கு மீதி நேரத்தைக் கொடுங்கள்.

திங்கள்சந்தையிலிருந்து ஒருவர்: நேர்காணலே இல்லாமல் வெளிநாட்டில் பல் மருத்துவராக வழி உண்டா?

உண்டு. மறுபடியும் கல்லூரியில் சேராமல் உரிமத் தேர்வுகளை எழுதும் வழி அது. இங்கிலாந்தில் ஓ.ஆர்.இ., ஆஸ்திரேலியாவில் ஏ.டி.சி. தேர்வுகள், கனடாவில் என்.டி.இ.பி. எனும் பல் மருத்துவத் தேர்வு வாரியம் நடத்தும் தகுதித் தேர்வுகள் ஆகியவற்றில் சேர்க்கை நேர்காணல் கிடையாது. ஆனால் பேசத் தெரியாதவர் அங்கே ஒளிந்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்: ஓ.ஆர்.இ. இரண்டாம் பகுதியில் நோயாளியோடு பேசும் திறனையும் சோதிப்பார்கள்.

மீண்டும் நாகர்கோவிலிலிருந்து: நேர்காணல் ஜூமில் வைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நேரத்தை. நியூயார்க்கில் காலை 10 மணி என்பது அக்டோபரில் நமக்கு இரவு 7.30; நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு அதுவே இரவு 8.30. இந்த ஒரு மணி நேரத்தில் வாய்ப்பைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதங்கள் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் உட்காருங்கள், கைப்பேசியில் தனி இணையத்தைத் தயாராக வையுங்கள், இணைப்பு அறுந்தால் யாருக்கு மின்னஞ்சல் அனுப்புவது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.